ஸ்லீப்பிங் பேக் நனைந்துவிட்டதா? ஈரம் எந்த இடத்தில் என்று முதலில் பாருங்கள்

இமாச்சலத்தில் ஹம்ப்தா கணவாய்க்கு மலையேறப் போனது ஒரு ஆகஸ்ட் மாதம். மணாலிக்குப் பக்கத்தில் ஜோப்ராவில் நடக்கத் தொடங்கினால் சிக்கா, பாலு கா கேரா என்று வழியில் முகாம்கள். அதுவரை குலு பக்கம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருக்கும். சுமார் 4,270 மீட்டர் உயரத்தில் கணவாயைத் தாண்டி லாஹௌல் பக்கம் இறங்கிவிட்டால் மண்ணே காய்ந்து கிடக்கும், எதை வேண்டுமானாலும் அங்கே உலர்த்திக்கொள்ளலாம். சிக்கல் என்னவென்றால், படுக்க வேண்டிய ராத்திரி அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. பாலு கா கேராவில் சாயங்காலம் முதுகுப் பையைத் திறந்து, ராத்திரி உள்ளே நுழைந்து படுக்கும் ஸ்லீப்பிங் பேக்கை வெளியே இழுத்தேன். கால் நீட்டும் பக்கத்தைப் பிடித்தால் கையில் தண்ணீர் இறங்கியது. முதுகுப் பைக்கு மேல் ரெயின் கவர் போட்டிருந்தேன். அது கழலவும் இல்லை, கிழியவும் இல்லை.

அதன் பிறகு நண்பர்கள் யாராவது "கவர் போட்டும் நனைஞ்சிடுச்சு" என்று சொன்னால், எவ்வளவு மழை, என்ன கம்பெனி பை என்றெல்லாம் கேட்பதில்லை. எந்த இடத்தில் ஈரம் என்று மட்டும்தான் கேட்பேன். அதற்குப் பதில் கிடைத்தால் தண்ணீர் வந்த வழி பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆகவே ஸ்லீப்பிங் பேக்கை உதறுவதற்கு முன், மடிப்போடு இருக்கும்போதே, நாலு பக்கமும் தொட்டுப் பாருங்கள். உதறி விரித்துவிட்டால் தடயம் போய்விடும்.

அடிப்பக்கம் மட்டும் ஈரம், மேலே காய்ந்திருக்கிறது

அதிகம் நடப்பது இதுதான். எனக்கு நடந்ததும் இதுதான்.

ரெயின் கவர் பையின் வெளிப்பக்கத்தை மட்டும்தான் மூடுகிறது. முதுகோடு ஒட்டிய பக்கம் திறந்தே கிடக்கிறது. தலையிலும் கழுத்திலும் விழும் மழை நம் சட்டை வழியாக வழிந்து முதுகுக்கும் பைக்கும் நடுவில் இறங்குகிறது. தோள்பட்டை வார் தைத்த இடத்தில் வரிசையாக ஊசித் துளைகள், அவற்றின் வழியே உள்ளே கசிகிறது. மிச்சம் அப்படியே கீழே ஓடி ரெயின் கவரின் அடிப்பகுதியில் தேங்குகிறது. கவர் தண்ணீர் புகாத துணி அல்லவா, உள்ளே போன தண்ணீரையும் வெளியே விடாது. ஆக, பையின் அடிப்பாகம் ஒரு சட்டிக்குள் உட்கார்ந்து ஊறுகிறது. ஸ்லீப்பிங் பேக்கை எல்லோரும் எங்கே வைக்கிறோம்? சரியாக அந்த அடியில்தான்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். கவரைக் கழற்றி அடிப்பகுதியைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டினால் சந்தேகமே வேண்டாம். சில கவர்களில் தண்ணீர் வடிய அடியில் ஒரு சின்ன துளை வைத்திருப்பார்கள். அது சேறு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். துளையே இல்லாத கவர் என்றால், அடியில் மிகத் தாழ்வான இடத்தில் நீங்களே ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் இதற்கெல்லாம் மருந்து கவரில் இல்லை. என் கணக்கில் ரெயின் கவர் என்பது பை சேறாகாமல் இருக்கவும், துணி தண்ணீர் குடித்துக் கனக்காமல் இருக்கவும்தான். தூங்கும் சாமானைக் காப்பது பைக்கு உள்ளே போடும் ஒரே ஒரு பெரிய பாலித்தீன் உறை. அதைத்தான் லைனர் என்கிறார்கள்.

இதற்காக மலையேற்றச் சாமான் கடைக்குப் போக வேண்டாம். பாலித்தீன் பைகளைக் கிலோ கணக்கில் விற்கும் கடை எல்லா ஊர் பஜாரிலும் இருக்கிறது. 200 கேஜ் என்று கேளுங்கள், அது சுமார் 50 மைக்ரான். 50, 60 லிட்டர் பைக்கு 24 அங்குல அகலமும் 40 அங்குல நீளமும் போதும், எடை 60 கிராமுக்குள்தான் வரும். குப்பைக் கூடைக்குப் போடும் கறுப்புப் பை வேண்டாம். அது மெல்லிசு, ஒரு டார்ச் முனை பட்டாலே கிழியும். உர மூட்டைக்குள் வரும் உள்ளுறை கனமாக, நன்றாகத்தான் இருக்கும். எங்கள் ஊர்ப்பக்கத்து நண்பர் ஒருவர் அதைத்தான் கொண்டுவந்தார். எத்தனை முறை கழுவியும் வாடை போகவில்லை, இரண்டு ராத்திரியும் யூரியா குடோனில் படுத்த மாதிரி இருந்ததாகச் சொன்னார்.

காலிப் பைக்குள் லைனரை விரித்து, ஸ்லீப்பிங் பேக்கை அடியில் அமுக்கி, அதன் மேல் ராத்திரிக்கு மாற்றும் உடை, காலுறை, ஸ்வெட்டர். முகாமில் மட்டுமே வெளியே எடுக்கும் சாமான் மட்டும் இதற்குள். பிறகு கையால் அழுத்திக் காற்றை வெளியேற்றி, வாயை இறுக முறுக்கி, முறுக்கிய பகுதியை இரண்டாக மடித்து ரப்பர் பேண்ட் போட வேண்டும். ஓட்டலில் சாம்பார் பார்சல் கட்டுகிறவர் விரலில் சுற்றிக் கட்டுவாரே, அந்த இறுக்கம் வேண்டும். வெறுமனே ஒரு முடிச்சு போட்டால் அவிழ்க்கும்போது கிழியும்.

நடக்கும்போது தேவைப்படுகிற மழைச்சட்டை, தின்பண்டம், ஈரக் கூடாரம் எல்லாம் லைனருக்கு வெளியே, அதன் மேலே. கூடாரத்தை உள்ளே போட்டால் லைனர் போட்டதற்கே அர்த்தம் இல்லை.

வனத்துறைச் சோதனைச் சாவடிகளில் பிளாஸ்டிக்கைத் தடுப்பார்கள், சில இடங்களில் எண்ணிக் குறித்துக்கொண்டு திரும்பும்போது சரிபார்ப்பார்கள். இது பைக்குள் போட்டிருக்கும் உறை, திரும்பக் கொண்டுவருவேன் என்று முதலிலேயே காட்டிவிடுவது நல்லது. பாலித்தீனே கூடாது என்றால் அதே அளவில் மேல்பக்கம் சுருட்டி மூடும் நைலான் உறை கிடைக்கிறது. விலை கூடுதல், ஆனால் பல வருஷம் வரும்.

முதுகுப் பக்கம் ஒரு பட்டையாக ஈரம், மழையே பெய்யவில்லை

மழை இல்லாத நாளில் பை நனைந்தால் தண்ணீர்க் குழாய்ப் பையைப் பிடியுங்கள். குழாய் வழியாக உறிஞ்சிக் குடிக்கும் அந்தத் தண்ணீர்ப் பை முதுகுப் பக்க அறையில்தான் தொங்குகிறது. மூடி சரியாகத் திருகப்படாமல் இருக்கலாம், குழாய் மாட்டும் இடம் கசியலாம். இன்னொன்று யாருக்கும் தோன்றாது. ஓய்வு எடுக்கும்போது பையைக் கீழே சாய்க்கிறோம், கடித்து உறிஞ்சும் முனை அடியில் மாட்டி அமுங்குகிறது, பத்து நிமிஷத்தில் அரை லிட்டர் காலி. குளுக்கோஸ், எலுமிச்சை கலந்திருந்தால் நக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிசுபிசுப்பும் இருக்கும், எறும்பும் வரும்.

படுக்கை இருக்கும் பையில் இந்தத் தண்ணீர்ப் பையை நான் வைப்பதே இல்லை. இரண்டு சாதாரண தண்ணீர் பாட்டில், பக்கவாட்டு வலைப்பையில். ஒழுகினால் வெளியே ஒழுகட்டும்.

லேசான ஈரம், உப்புக் கரிக்கிறது என்றால் அது வியர்வை. லைனர் இருந்தால் அதற்கும் பதில் சொல்லியாகிவிட்டது.

மேல்பக்கம் நனைந்திருக்கிறது

கொட்டுகிற மழையில் நின்று பையைத் திறந்திருக்கிறீர்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் மழைச்சட்டையை அடியில் வைத்ததுதான். தூறல் தொடங்கியதும் அதை எடுக்க எல்லாவற்றையும் கலைக்கிறோம். மழைச்சட்டை எப்போதும் மேலே இருக்கட்டும். முகாம் வந்ததும் முதலில் கூடாரம், பிறகு பையோடு உள்ளே போய், ஈர உடையை மாற்றிக் கையைத் துடைத்த பிறகுதான் லைனரைத் திறக்க வேண்டும். கூடாரம் அடிக்கும்போது ஸ்லீப்பிங் பேக்கை எடுத்து ஒரு பாறை மேல் வைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

டிரை பேக்கில் போட்டேன், அப்படியும் ஈரம்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது கூடவே ஒரு சின்ன உறை தருகிறார்களே, நாடா இழுத்துக் கட்டுவது, அது தண்ணீர் புகாத டிரை பேக் இல்லை. நாலு பக்கமும் பட்டி வைத்து இறுக்கும் உறையும் பெரும்பாலும் அப்படித்தான். தைத்த இடமெல்லாம் துளை, வாயில் ஓட்டை. வாடகைக்கு எடுக்கும் ஸ்லீப்பிங் பேக் எல்லாம் இந்த உறையில்தான் வரும்.

உண்மையான டிரை பேக் என்றால் வாய்ப்பக்கம் பட்டையாக இருக்கும், அதைச் சுருட்டிக் கொக்கி மாட்ட வேண்டும். குறைந்தது மூன்று சுற்று. கழுத்து வரை திணித்துவிட்டு ஒரே ஒரு மடிப்பு மடித்துக் கொக்கி போடுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். மூன்று சுற்றுக்கு இடம் இல்லையென்றால் பை சின்னது என்று அர்த்தம், அடுத்த அளவு வாங்குங்கள். மடிப்பில் மணலோ புல்லோ மாட்டியிருந்தாலும் அந்த இடுக்கில் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும்.

சுருட்டியது சரி, அப்படியும் ஈரம் என்றால் ஓட்டை தேட வேண்டும். சைக்கிள் கடையில் பஞ்சர் பார்ப்பது போலத்தான். காலிப் பையில் காற்றைப் பிடித்து வாயைச் சுருட்டி மூடி, வாளித் தண்ணீரில் அமுக்கித் திருப்பித் திருப்பிப் பாருங்கள். குமிழி ஒரே இடத்திலிருந்து வந்தால் முள் குத்திய துளை. துடைத்து உலர்த்தி, உள்பக்கம் ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம். தையல் நெடுகக் குமிழி வந்தால், தையல் மேல் ஒட்டிய பட்டை கிளம்பிவிட்டது. அதற்கென்று விற்கும் பசையைத் தடவி ஒரு ராத்திரி விட வேண்டும்.

துணியே பரவலாகக் கசிந்தால் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டி, புளித்த வாடை அடித்து, செதில் செதிலாக உரிந்தால் உள்ளே பூசியிருந்த பாலியூரித்தேன் சிதைந்துவிட்டது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இந்தப் பூச்சு தானாகவே கெடும். சென்னை மாதிரி ஊரில் பரண் மேல் போட்டு வைத்தால் உபயோகிக்காமலே வீணாகும். என்னிடம் இப்படி இரண்டு போயின. இதற்கு வைத்தியம் இல்லை, துணி மூட்டை கட்ட வைத்துக்கொள்ளலாம்.

மலை ஏறும் முன்பே ஒரு பக்கம் நனைந்திருக்கிறது

ஜீப் மேல் கட்டிய பையா, பஸ் டிக்கியில் போட்ட பையா? சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் போகிறவர்களுக்குத் தெரியும், நாமே உட்கார்ந்தால் போதும் என்று இருக்கும். பையைக் கூரையில் போட்டால் மழையும் புழுதியும் அதற்குத்தான். பஸ் டிக்கியில் பக்கத்து மூட்டை என்ன என்று யாருக்குத் தெரியும். ஒரு தடவை என் பை மீன் பெட்டி ஒழுகியதில் மிதந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே லைனரைக் கட்டிவிடுங்கள், நடை தொடங்கும் இடத்தில் கட்டிக்கொள்ளலாம் என்று விட வேண்டாம்.

எங்கேயும் நனையவில்லை, ஆனால் மொத்தமும் நமுத்துப் போயிருக்கிறது

பிழிந்தால் சொட்டாது. ஆனால் தொட்டால் குளிர்ச்சி, படுத்தால் உடம்பு சூடேறவே மாட்டேன் என்கிறது. டப்பா மூடாமல் விட்ட அப்பளம் மாதிரி. இதற்கு மழையைக் குறை சொல்லிப் பயன் இல்லை, ஈரம் வந்தது உங்களிடமிருந்து.

இட்லிப் பானை மூடியைத் திருப்பிப் பாருங்கள், உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். சூடான ஈரக்காற்று குளிர்ந்த பரப்பில் பட்டால் நீராகிவிடுகிறது. ராத்திரி முழுக்க மூச்சும் வியர்வையும் ஆவியாக வெளியேறிக்கொண்டே இருக்கின்றன. அது கூடாரத் துணியில் பட்டுத் துளியாகிறது. கொஞ்சம் ஸ்லீப்பிங் பேக்கின் பஞ்சுக்குள்ளேயே, வெளி உறையை ஒட்டிக் குளிர்ந்த இடத்தில், தங்கிவிடுகிறது. காலையில் அவசரமாக அதைச் சுருட்டி லைனரில் அடைக்கிறோம். பாலித்தீன் வெளி ஈரத்தை உள்ளே விடாது, உள் ஈரத்தையும் வெளியே விடாது. முதல் ராத்திரி தெரியாது, இரண்டாவது ராத்திரி லேசாகத் தெரியும், மூன்றாவது ராத்திரி தூக்கம் வராது.

குளிர் தாங்காமல் தலையையும் உள்ளே இழுத்துக்கொண்டு மூச்சு விடுவதுதான் முதல் குற்றவாளி. மூக்கும் வாயும் வெளியே இருக்கட்டும், காதுக்குக் குல்லா போட்டுக்கொள்ளுங்கள். உயரமானவர்களுக்கு இன்னொரு தொல்லை: கால்பக்கம் கூடாரத் துணியில் உரசி அங்கிருக்கும் துளியெல்லாம் ஏறிவிடும். குறுக்குமூலையாகப் படுங்கள், அல்லது கால்பக்கத்தின் மேல் மழைச்சட்டையைப் போர்த்துங்கள்.

கூடாரத்தின் காற்றுத் துவாரங்களை எதிரெதிராகத் திறந்து வையுங்கள். குளிருகிறதே என்று எல்லாவற்றையும் இழுத்து மூடினால் அது இட்லிப் பானைதான். ஓடைக்கரையில், பள்ளத்தில் கூடாரம் போட்டால் குளிர்காற்று வந்து தங்கும், நீர்ப்பனியும் அங்கேதான் அதிகம் இறங்கும். இருபது முப்பது அடி மேலே, பட்ட கிளை இல்லாத மரத்தடி கிடைத்தால் வித்தியாசம் காலையில் தெரியும்.

நனைந்த காலுறையை ஸ்லீப்பிங் பேக்கில் போட்டுப் படுத்தால் உடம்புச் சூட்டில் காய்ந்துவிடும் என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. காயும்தான். அந்த ஈரம் எங்கே போயிற்று என்று யோசித்துப் பாருங்கள். லேசாக ஈரமான ஒரு ஜோடி என்றால் பரவாயில்லை, பிழிந்தால் சொட்டும் பேன்ட்டை உள்ளே விடாதீர்கள்.

காலையில் எழுந்ததும் ஸ்லீப்பிங் பேக்கை உடனே சுருட்ட வேண்டாம். ஜிப்பைத் திறந்து உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டு, டீ குடித்து, மற்றதெல்லாம் கட்டிய பிறகு கடைசியாக அடையுங்கள். அந்த இருபது நிமிஷத்தில் உள்ளே இருந்த சூடான ஆவி போய்விடும். மூடுபனி சூழ்ந்திருந்தால் வெளியே விரிப்பது வீண் வேலை, கூடாரத்துக்குள்ளேயே செய்யுங்கள். நடுப்பகலில் வெயில் தலைகாட்டினால், சாப்பிட உட்காரும் நேரத்தில் ஒரு பாறை மேல் விரித்துப் போடுங்கள். மீசப்புலிமலைப் பக்கம் வெயில் வந்த வேகத்தில் மேகம் மூடும், ஆகவே கண்ணுக்கு எட்டும் தூரத்தில்.

மேட் நனைந்து, அதிலிருந்து ஏறியது

ஸ்லீப்பிங் பேக்குக்கு அடியில் விரிக்க, பைக்கு வெளியே கட்டி வந்த ஃபோம் மேட் தண்ணீர் குடிக்காது, ஆனால் மேடு பள்ளங்களில் துளி நிற்கும். விரிக்கும் முன் உதறி ஒரு துண்டால் துடைத்தால் போதும். காற்று அடைக்கும் மேட் என்றால் மடித்து லைனருக்குள் வைத்துவிடலாம். தானே உப்பும் வகைக்குள் பஞ்சு போன்ற ஃபோம் இருக்கும், துளை விழுந்தால் அது தண்ணீர் உறிஞ்சும். ஆகவே அதை வெளியே கட்டாதீர்கள்.

முழுசாக நனைந்துவிட்டது, இன்று ராத்திரி இதில்தான் படுக்க வேண்டும்

முதலில் அது என்ன வகை என்று பாருங்கள். இறகு அடைத்தது என்றால் நிலைமை மோசம். இறகு உப்பி நிற்கும்போது அதற்குள் அடைபடும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. நனைந்தால் நனைந்த கோழி மாதிரி ஒட்டிப்போகும், காற்றும் போச்சு, சூடும் போச்சு. செயற்கைப் பஞ்சு நனைந்தாலும் ஓரளவு உப்பலை விடாது. மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகிறவர் என்னிடம் கேட்டால், எடை கூடினாலும் செயற்கைப் பஞ்சையே எடுக்கச் சொல்வேன்.

எந்த வகையானாலும் முறுக்கிப் பிழியக் கூடாது. கம்பளி ஸ்வெட்டர் துவைக்கும்போது செய்வது போல, உருட்டி அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுங்கள். இறகுக் கட்டிகளை விரலால் பிரித்து விடுங்கள். ஈர உடை முழுவதையும் கழற்றி, காய்ந்தது எது இருக்கிறதோ அதைப் போடுங்கள். இரண்டு மேட் இருந்தால் ஒன்றன் மேல் ஒன்று. கால்களை இடுப்பு வரை லைனர் உறைக்குள் விட்டு, அப்படியே ஸ்லீப்பிங் பேக்கில் நுழைந்தால் இடுப்புக்குக் கீழே ஈரம் படாது. வேர்க்கும், ஆனால் குளிர் குறையும். தலைப்பக்கம் பாலித்தீன் போகவே கூடாது.

வெந்நீரைக் கெட்டியான மூடி உள்ள பாட்டிலில் ஊற்றி, மூடியை இரண்டு முறை சரிபார்த்து, காலுறைக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். படுக்கும் முன் வயிறு நிறையச் சாப்பிடுங்கள். கூடாரத்துக்குள் அடுப்பை மட்டும் பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

கூட இருப்பவருக்கு நடுக்கம் நிற்கவில்லை, பேச்சு குழறுகிறது, ஜிப்பைக்கூடப் பிடிக்க முடியவில்லை என்றால் அது வெறும் குளிர் இல்லை. உங்கள் காய்ந்த ஸ்லீப்பிங் பேக்கில் அவரைப் படுக்க வைத்து, வழிகாட்டியை எழுப்புங்கள். நடுக்கம் நின்றும் ஆள் தெளியவில்லை என்றால் இன்னும் ஆபத்து.

வீட்டுக்கு வந்த பிறகு முடை நாற்றம், உள்ளே கட்டி கட்டியாக

சரியாகக் காயவில்லை. செயற்கைப் பஞ்சு என்றால் நிழலில், மின்விசிறிக்கு அடியில் இரண்டு நாள். இறகு என்றால் இன்னும் பல நாள் ஆகும், தினமும் கட்டிகளைப் பிரித்து உதற வேண்டும். டிரையர் வைத்திருக்கும் லாண்டரி கிடைத்தால் மிகக் குறைந்த சூட்டில், இரண்டு மூன்று டென்னிஸ் பந்துகளைக் கூடப் போட்டு ஓட்டச் சொல்லுங்கள், பந்து அடித்து அடித்துக் கட்டியை உடைக்கும். கொடியில் ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிட்டால் நனைந்த இறகெல்லாம் கீழே இறங்கிவிடும், இரண்டு கொடிகளின் மேல் படுக்கையாக விரியுங்கள்.

காய்ந்த பிறகு அந்தச் சின்ன உறைக்குள் திரும்பத் திணிக்காதீர்கள். பழைய பருத்தித் தலையணை உறை இரண்டை ஒன்றாகத் தைத்தால் தளர்வாக உள்ளே போகும். லைனரையும் தூக்கிப் போடாமல் கழுவி, காயவைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் துளை இருக்கிறதா என்று பார்த்து, அதே தலையணை உறைக்குள் மடித்து வைத்துவிடுங்கள். அடுத்த முறை கிளம்பும் ராத்திரி பதினோரு மணிக்குத் தேட வேண்டாம்.